தாடையில் ஒரு திருகாணி

அஸ்தினாபுரத்துப் பெரியப்பா இப்போது முறுக்கைக் காபியில் நனைப்பதில்லை. கீழ்க் கடைவாயில் இம்பிளான்ட் வைத்த பிறகு வந்த துணிச்சல் அது. ராத்திரி டம்ளர் தண்ணீரில் மிதந்த பல்செட்டுக்கும் விடுதலை.

அசல் வேலை கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நடக்கிறது. தோட்டுத் திருகாணிக்கு அண்ணன் மாதிரி ஒரு டைட்டானியம் திருகு. தாடை எலும்பில் அளவாகத் துளையிட்டு முடுக்குகிறார்கள். பிறகு காத்திருப்பு, பெரும்பாலும் 3 முதல் 6 மாதம். எலும்புச் செல்கள் அந்த உலோகத்தின்மேல் படர்ந்து, ஒட்டி, அதைத் தம்மோடு சேர்த்துக்கொள்கின்றன. அதன்மேல்தான் பல்லின் தலை ஏறும்.

இந்த ஒட்டுதலைக் கண்டுபிடித்தது பல் டாக்டர் அல்ல. 1952இல் ஸ்வீடனின் பிரோனெமார்க், முயல் எலும்புக்குள் ரத்த ஓட்டம் பார்க்க டைட்டானியக் கருவி வைத்தார். முடிந்ததும் எடுக்கப்போனால் வரவில்லை! 1965இல் யோஸ்டா லார்சன் என்பவருக்கு முதன்முதலில் பல்லுக்காகப் பொருத்தினார். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் உழைத்தது.

அந்த உலோகத்தின் தாது நமக்கும் அந்நியமில்லை. குமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரையின் கருமணலில் இருக்கும் இல்மனைட்தான் அது.

இம்பிளான்டுக்குக் குறையும் உண்டு. சொந்தப் பல்லுக்கும் எலும்புக்கும் நடுவே மெத்தைபோல ஒரு மெல்லிய நார்த்திசு இருக்கும், இதற்குக் கிடையாது. அதனால் கடிக்கும் அழுத்தம் முதலில் பிடிபடாது. பெரியப்பா தட்டையைக் கடித்துவிட்டு ஒரு கணம் யோசிப்பார். அப்புறம் அடுத்ததை எடுப்பார்.