பதுங்குகுழியும் காடும்: பேரழிவுப் புனைவில் உயிர்பிழைத்தல்

உலகம் அழிந்தபின் எஞ்சியவர்களைப் பற்றிய நாவல்கள் அவர்களைப் பெரும்பாலும் இரண்டு இடங்களில் குடிவைக்கின்றன. ஒன்று, நிலத்தடி அறை, சுரங்கம், மதில் சூழ்ந்த குடியிருப்பு என வெளியுலகை அடைத்துவிட்டு வாழும் இடம். மற்றொன்று திறந்த வெளி: காடு, மலை, ஆளற்ற நகரம், பாழான சாலை. நடுவில் நிற்கும் சுவரை வைத்து இவற்றைப் பிரிப்பது எளிது. ஆனால் இந்நாவல்களை அடுத்தடுத்துப் படிக்கும்போது அதைவிட ஆழமான பிரிவு ஒன்று தெரிகிறது. பாத்திரங்கள் முன்பே சேர்த்துவைத்ததைத் தின்று வாழ்கிறார்களா, தங்கள் கையால் விளைவித்து வாழ்கிறார்களா என்பதுதான் அது. சுவருக்குள் விளைவிப்பவர்கள் உண்டு. காட்டின் நடுவே இருப்பைத் தின்றே காலம் கழிப்பவர்களும் உண்டு.

காட்டுக் கதையின் தொடக்கங்களில் ஒன்று ரிச்சர்ட் ஜெஃப்ரீஸின் ‘ஆஃப்டர் லண்டன்’ (1885). இயற்கையை நேரில் கவனித்து எழுதியவர் என்பதால், மனிதர் விலகிய இங்கிலாந்தை அவர் படிப்படியாக மூடுகிறார். உழாத வயலில் முதலில் புல், பிறகு களை, முட்புதர், கடைசியில் மரம். வளர்ப்பு விலங்குகள் காட்டினங்களாகின்றன. நாட்டின் நடுவே பெரும் ஏரி தோன்றுகிறது. லண்டன் நச்சுச் சதுப்பாகிறது. நாவலின் முதல் பகுதி முழுவதும் இந்த விவரிப்புதான். நாயகன் அதற்குப் பிறகே வருகிறான். அடைபட்ட வாழ்வுக்கு அதே போன்ற முன்னோடி இ. எம். ஃபார்ஸ்டரின் ‘த மெஷின் ஸ்டாப்ஸ்’ (1909) என்ற நீண்ட சிறுகதை. பூமிக்கடியில் அறுகோண அறைகளில் ஆளுக்கோர் அறை. உணவும் இசையும் உரையாடலும் பொத்தானை அழுத்தினால் வரும். இயந்திரம் முழுவதையும் புரிந்துகொண்ட ஒருவர்கூட மிச்சமில்லாத காலத்தில் அது பழுதாகத் தொடங்குகிறது. காப்பிடத்தின் உண்மையான ஆபத்து கதவுக்கு வெளியே இருப்பதாக எல்லோரும் நம்புகிறார்கள். பழுது பார்க்கத் தெரியாத தலைமுறைதான் அந்த ஆபத்து என்பதை ஃபார்ஸ்டர் அன்றே கண்டுவிட்டார்.

இரண்டையும் ஒரே நாவலில் வைத்தவர் ஜாக் லண்டன். ‘த ஸ்கார்லெட் பிளேக்’ (1912) கதையில் 2013ஆம் ஆண்டு கொள்ளைநோய் பரவுகிறது. பெர்க்லி பல்கலைக்கழகத்தின் வேதியியல் கட்டடத்தில் நானூறு பேர்போல உணவு சேர்த்துக்கொண்டு அடைந்துகொள்கிறார்கள். நோய் அங்கும் நுழைகிறது. வெளியேறியவர்களில் தப்பிய ஒரே பேராசிரியர் மலைகளில் தனித்து வாழ்ந்து, அறுபது ஆண்டுகள் கழித்துப் பேரப்பிள்ளைகளுக்குக் கதை சொல்லும் கிழவராகிறார். விலங்குத்தோல் உடுத்திய அந்தச் சிறுவர்களுக்கு அவர் பேச்சில் பாதி புரிவதில்லை. புத்தகங்களை அவர் ஒரு குகையில் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறார். ஆளைக் காப்பாற்ற முடியாத இடத்தில் அறிவையாவது சேமித்துவைக்கும் அந்தச் செயல் இந்த வகைப் புனைவில் பலமுறை திரும்ப வரும். வால்டர் மில்லரின் ‘எ கேன்டிகிள் ஃபார் லீபோவிட்ஸ்’ அதை ஒரு துறவியர் மடத்தின் வேலையாகவே ஆக்கியது.

அணுகுண்டுக்குப் பிறகு பதுங்குகுழி கற்பனையாக மட்டும் இருக்கவில்லை. அரசுகள் அதைக் கட்டச் சொல்லித் துண்டறிக்கை வெளியிட்டன. அதன் எல்லையை மிகக் கடுமையாக வரைந்த நாவல் மொர்டெகாய் ரோஷ்வால்டின் ‘லெவல் 7’ (1959). ஏவுகணைப் பொத்தானை அழுத்தும் வேலைக்காக 4,400 அடி ஆழத்துக்கு இறக்கப்பட்ட ஓர் அதிகாரியின் நாட்குறிப்பாக அது எழுதப்பட்டிருக்கிறது. அவனுக்குப் பெயர் கிடையாது. எக்ஸ்-127 என்ற எண் மட்டும்தான். ஐந்நூறு ஆண்டுகளுக்கான உணவு கீழே இருக்கிறது. போர் முடிந்ததும் மேல்மட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மௌனமாகின்றன. அடிமட்டத்தை எட்டும் சாவு மட்டும் மேலேயிருந்து வருவதில்லை. அவர்களுக்கு மின்சாரம் தந்த அணு உலையிலிருந்தே கசிகிறது. சேமிப்பு எவ்வளவு பெரிதானாலும் அதற்குள் புதிதாக எதுவும் முளைப்பதில்லை என்பதை இதைவிட உறுதியாகச் சொன்ன நூல் குறைவு. அரசின் துண்டறிக்கையை வரிக்கு வரி நம்பி, கதவுகளைக் கழற்றிச் சுவரில் சாய்த்து ஒளிந்துகொள்ளும் முதிய தம்பதியை ரேமண்ட் பிரிக்ஸ் 1982இல் ‘வென் த விண்ட் புளோஸ்’ என்ற சித்திரக்கதையில் வரைந்தார். அந்த இருவரின் பணிவான நம்பிக்கை அரசின் மீது வைக்கும் குற்றச்சாட்டு எந்த முழக்கத்தையும்விடக் கனமானது.

‘லெவல் 7’ வந்த அதே ஆண்டில் பாட் ஃபிராங்கின் ‘அலாஸ், பாபிலோன்’ வெளியானது. புளோரிடாவின் ஆற்றோரச் சிற்றூர் ஒன்று அணுப்போருக்குத் தப்புகிறது. ஆரஞ்சுத் தோப்புகளுக்கு நீர் தந்த ஊற்றுக் கிணறுகள் இருக்கின்றன, ஆற்றில் மீன் இருக்கிறது. குளிர்சாதனம் நின்றதும் இன்சுலின் கெட்டு நீரிழிவு நோயாளி இறக்கிறாள். மருத்துவரின் மூக்குக்கண்ணாடி உடைந்தால் மாற்றுக் கண்ணாடிக்கு வழியில்லை. ஊரை உண்மையில் வாட்டுவது உப்புத் தட்டுப்பாடு. நாயகனின் முன்னோர் ஒருவர் எழுதிவைத்த நாட்குறிப்பில் உப்பு கிடைக்கும் இடம் இருக்கிறது. இந்நாவலில் அமெரிக்கத் தன்னம்பிக்கை சற்று அதிகமாகவே ஒளிர்கிறது என்றாலும், பிழைப்பு என்பது இந்த உப்பு, அந்தக் கண்ணாடி என்று தனித்தனிப் பொருள்களாக வருவதை அது சரியாகப் பிடித்திருக்கிறது.

இந்த விஷயத்தில் இன்னும் ஆழமாகச் சென்றது அதற்குப் பத்தாண்டு முன்பே வந்த ஜார்ஜ் ஆர். ஸ்டூவர்ட்டின் ‘எர்த் அபைட்ஸ்’ (1949). சியரா மலையில் பாம்பு கடித்துக் கிடந்த இஷ் என்ற இளைஞன் இறங்கிவரும்போது உலகம் காலியாகிவிட்டது. அவனைச் சுற்றி ஒரு சிறு கூட்டம் உருவாகிறது. திறந்தவெளியில் வாழ்ந்தாலும் அவர்கள் உழுவதில்லை. பழைய கடைகளின் டின் உணவைத் தின்கிறார்கள், குழாயில் தண்ணீர் வரும்வரை அதைக் குடிக்கிறார்கள். சுவரே இல்லாத பதுங்குகுழி அது. இருபது ஆண்டுகளுக்கும் மேல் கழித்து ஒருநாள் குழாய் நிற்கிறது. அப்போதுதான் தாங்கள் எதையும் கற்றுக்கொள்ளவில்லை என்று தெரிகிறது. பிள்ளைகளுக்கு எழுத்தறிவு கொடுக்க இஷ் படும் பாடு வீணாகிறது. படிப்பில் நாட்டம் காட்டிய ஒரே மகன் டைபாய்டில் இறந்துவிடுகிறான். அதன்பின் இஷ் எடுக்கும் முடிவு இந்த இலக்கியத்தின் மிகப் பெரிய தருணங்களில் ஒன்று. பள்ளியைக் கைவிட்டு, விளையாட்டுப் பொருளைப்போலக் காட்டி, அவர்களுக்கு வில் செய்யக் கற்றுத்தருகிறான். அவனது முதுமையில் இளைஞர்கள் பழைய நாணயங்களைத் தட்டி அம்புமுனை செய்துகொண்டிருக்கிறார்கள். நூலகம் தோற்ற இடத்தில் வில் பிழைக்கிறது.

ஆஸ்திரிய எழுத்தாளர் மார்லென் ஹௌஸ்ஹோஃபரின் ‘டி வாண்ட்’ (1963) காட்டையும் காப்பிடத்தையும் ஒன்றாகவே ஆக்கிவிடுகிறது. ஆல்ப்ஸ் மலையின் வேட்டைக்குடிலில் தங்கியிருக்கும் பெண் ஒருத்தி, கண்ணுக்குத் தெரியாத சுவர் ஒன்று தன்னைச் சூழ்ந்திருப்பதைக் காண்கிறாள். சுவருக்கு அப்பால் எல்லாம் கல்லாய் உறைந்திருக்கின்றன. குடிலின் உரிமையாளர் போரை அஞ்சி அங்கே பொருள்களைச் சேர்த்துவைத்திருந்தார். தொடக்கத்தில் அவளைக் காப்பது அந்தச் சேமிப்பு. ஆனால் தீக்குச்சிகள் எண்ணிக்கையில் குறைந்துகொண்டே வருகின்றன. உருளைக்கிழங்கும் அவரையும் நடுவது, பசுவுக்காகப் புல் அறுப்பது, பிடிக்காமலே மானைச் சுடுவது என்று வேலை வேலையாக அவள் வருடங்கள் நகர்கின்றன. வீரச்செயல் என்று சொல்ல ஏதுமில்லை. நாய், பூனை, பசு ஆகியவற்றின் மீதான பொறுப்புதான் அவளைக் காலையில் எழுப்புகிறது. உயிர்பிழைத்தலை உடலுழைப்பின் நீண்ட களைப்பாக எழுதியதில் இந்நாவலுக்கு நிகராக ஒன்றைச் சொல்வது கடினம். ஆண் எழுத்தாளர்களின் துப்பாக்கியும் தலைமையும் நிறைந்த கதைகள் இதன் பக்கத்தில் அவசரமாகத் தெரிகின்றன.

மதிலுக்கும் சாலைக்கும் இடையே நகரும் கதைகள் தனி வரிசை. ஜான் கிறிஸ்டஃபரின் ‘த டெத் ஆஃப் கிராஸ்’ (1956) நெல், கோதுமை உட்பட புல்லினம் முழுவதையும் வைரஸுக்குப் பலிகொடுத்துவிட்டு, லண்டனிலிருந்து வடக்கே ஒரு பள்ளத்தாக்குப் பண்ணைக்கு ஒரு குடும்பத்தை நடத்திச்செல்கிறது. காவலான அந்தப் பண்ணை சொந்தச் சகோதரனுடையது. உள்ளே நுழைய அவன் உயிர் விலையாகிறது. ஆக்டேவியா பட்லரின் ‘பாரபிள் ஆஃப் த சோவர்’ (1993) இதற்கு நேர்மாறான திசையில் செல்கிறது. லாஸ் ஏஞ்சலிஸ் அருகே மதிலுக்குள் வாழும் பதின்வயதுப் பெண் லாரன், மதில் விழப்போவதை முன்பே உணர்ந்து, உள்ளூர்ச் செடிகளைப் பற்றிப் படிக்கிறாள், விதையும் உணவும் கொண்ட மூட்டையைக் கட்டிவைக்கிறாள். வீடுகள் எரிந்தபின் நெடுஞ்சாலையில் வடக்கே நடக்கும்போது வழியில் சந்திப்பவர்களைச் சேர்த்துக்கொள்கிறாள். அவர்கள் கடைசியில் தொடங்குவது ஒரு வேளாண் குடியிருப்பு.

2000க்குப் பிந்தைய புனைவில் எல்லை இன்னும் கலங்குகிறது. திமித்ரி குளுகோவ்ஸ்கியின் ‘மெட்ரோ 2033’ மாஸ்கோ மெட்ரோ நிலையங்களைத் தனித்தனிக் குடியரசுகளாக்குகிறது. காளானும் பன்றியும் அங்கே வளர்கின்றன, துப்பாக்கித் தோட்டா நாணயமாகப் புழங்குகிறது. நிலத்தடியில் விளைச்சல் இருப்பதால்தான் அங்கே வணிகமும் அரசியலும் போரும் சாத்தியமாகின்றன. ஹ்யூ ஹவியின் ‘வுல்’ (2011) 144 மாடி ஆழமுள்ள கொள்கலன் ஒன்றில் மக்களை அடைக்கிறது. அங்கும் உணவு விளைகிறது. கிடைக்காதது வெளியைப் பற்றிய உண்மை. கார்மக் மெக்கார்த்தியின் ‘த ரோட்’ (2006) இவற்றுக்கு எதிர்முனை. அங்கே வெளி மட்டும் இருக்கிறது, காடு செத்துக் கிடக்கிறது. பசியால் சாகும் நிலையில் தந்தையும் மகனும் டின் உணவு நிறைந்த ஒரு பதுங்குகுழியைக் கண்டுபிடிக்கிறார்கள். வாசகர் மூச்சுவிடும் ஒரே இடம் அது. சில நாள்களில் தந்தை அதைவிட்டுக் கிளம்பிவிடுகிறான், யாரேனும் கண்டுபிடித்துவிடுவார்கள் என்ற அச்சத்தால். விளைச்சல் அற்றுப்போன உலகில் இருப்பு உள்ள இடமே கொலைக்களம் என்ற அவன் கணக்கில் பிழையில்லை.

ஜீன் ஹெக்லண்டின் ‘இன்டு த ஃபாரஸ்ட்’ (1996) இந்தக் கேள்வியைத் தன் கடைசிப் பக்கங்கள்வரை இழுத்துச்செல்கிறது. வடக்குக் கலிஃபோர்னியக் காட்டோரத்தில் தனித்துவிடப்பட்ட இரு சகோதரிகள், மின்சாரம் திரும்பும் என்று காத்துக்கொண்டு, அலமாரியில் இருப்பதை அளந்து அளந்து தின்கிறார்கள். நெல் என்பவள் கலைக்களஞ்சியத்தை வரிசையாகப் படிக்கிறாள், ஈவா என்பவள் இசையின்றி நடனம் பயில்கிறாள். தோட்டம் போட்டு, காட்டுச் செடிகளை அடையாளம் காணக் கற்றுக்கொண்ட பிறகுதான் காத்திருப்பு அவர்களை விட்டு நீங்குகிறது. முடிவில் அவர்கள் தங்கள் வீட்டைத் தாங்களே கொளுத்திவிட்டு, ஈவா பெற்ற குழந்தையுடன் ஒரு பெரிய செம்மரத்தின் உள்ளீடற்ற அடிமரத்துக்குக் குடிபோகிறார்கள். வெளியான நாள் முதல் இந்த முடிவு வாசகர்களைப் பிரித்திருக்கிறது. கூரையையும் புத்தகங்களையும் எரிப்பது நம்பத்தக்கதா என்ற ஐயம் நியாயமானது. ஆயினும் வீடு நிற்கும்வரை அந்த இரு பெண்களும் அதற்குள் மிச்சமிருப்பதைத்தான் எண்ணிக்கொண்டிருப்பார்கள் என்பதை நாவல் அதற்கு முந்தைய ஒவ்வோர் அத்தியாயத்திலும் நிறுவியிருக்கிறது.