அன்பு சரி, கயிறு?

2022-ல் கன்னடத்திலிருந்து தமிழ் பேசி வந்த '777 சார்லி'யைப் பார்த்திருப்பீர்கள். அழுதும் இருப்பீர்கள். கிரண்ராஜ் இயக்கம். தொழிற்சாலையில் வேலை பார்க்கும் தனிக்கட்டை தர்மாவாக ரக்ஷித் ஷெட்டி, வீட்டுக்குள் புயலாக நுழையும் லாப்ரடார். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஷிஃப்ட் முடித்து ரூமுக்குத் திரும்புகிற யாரும் தர்மாவில் தன்னைப் பார்க்கலாம். காசுக்காக ரத்த உறவுக்குள்ளேயே குட்டி போட வைக்கும் வியாபாரத்தைப் பொட்டில் அறைந்தாற்போல் சொன்னதற்கு ஒரு சபாஷ்.

என் மனத்தாங்கல் வேறு. படத்தில் நாயின் ரகளை நமக்குச் சிரிப்பு. அதே முப்பது கிலோ உற்சாகம், கன்டெய்னர் லாரிகள் பறக்கும் ஜி.என்.டி. ரோட்டில் உங்களை இழுத்தால்? நம்மாட்கள் கழுத்துச் சங்கிலியை வெடுக்கென்று சுண்டுவார்கள். நாய்க்கு மூச்சு முட்டும், புத்தி வராது.

இதற்குத்தான் 'ஹெட் காலர்'. குதிரைக்குத் தலையில் போடுவது மாதிரி ஒரு வார் மூக்கின் மேல், இன்னொன்று காதுக்குப் பின்னால். கயிறு தாடைக்கடியில். நாய் இழுத்தால் அதன் தலை உங்கள் பக்கம் திரும்பும். தலை போகிற பக்கம்தானே உடம்பும்! இது வாய்ப்பூட்டு அல்ல. நாய் மூச்சிரைக்கும், தண்ணீர் குடிக்கும், நினைத்தால் கடிக்கவும் செய்யும். முதல் நாளே மாட்டி வெளியே கிளம்பாதீர்கள். பிஸ்கட் கொடுத்துச் சில நாள் பழக்குங்கள். இதையும் சுண்டி இழுத்தால் கழுத்து சுளுக்கிக்கொள்ளும். பக் மாதிரி சப்பை மூக்குக்காரர்களுக்கு இது ஆகாது.

சார்லிக்குப் பனியைக் காட்ட இமயமலை வரை போகிறான் தர்மா. பெரிய மனசு. நாம் முதலில் தெருமுனை வரை ஒழுங்காகப் போய்த் திரும்பினால் போதும்.