ஊசியா, மருந்தா, காலமா?

பந்தை ஓங்கி எறிந்த சிறுவனின் மேற்கை எலும்பு திடீரென முறிகிறது. எக்ஸ்-கதிர்ப் படம் எடுத்துப் பார்த்தால், தோளுக்கருகே எலும்பினுள் நீர் நிறைந்த பொந்து ஒன்று தெரிகிறது. இதுவே எளிய எலும்பு நீர்க்கட்டி. இது புற்றுநோயன்று. எனினும் எலும்புச் சுவரை முட்டை ஓடுபோல் மெலியச் செய்வதால், சிறு அதிர்ச்சியும் முறிவை உண்டாக்கிவிடும்.

முன்பெல்லாம் கையைக் கீறித் திறந்து, கட்டியைச் சுரண்டி, எலும்புத் துணுக்குகளை இட்டு நிரப்புவர். அப்படியும் பல குழந்தைகளுக்குக் கட்டி மீண்டும் தோன்றியது. இத்தாலிய மருத்துவர் ஸ்காலியெட்டியும் குழுவினரும் கட்டிக்குள் ஊசியைச் செலுத்தி, மெதில்பிரெட்னிசொலோன் என்னும் ஸ்டீராய்டு மருந்தைப் புகுத்தினர். சுமார் 90 விழுக்காட்டினர் நற்பயன் பெற்றதாக 1979இல் அறிவித்தனர். வெட்டுக்காயமில்லாத இம்முறை பரவியதில் வியப்பில்லை.

ஆனால் அந்த 90 எதை அளக்கிறது? ஊசல் சோதனை செய்யும் மாணவர் நூலின் நீளத்தையும் குண்டையும் ஒருசேர மாற்றினால், அலைவு நேரம் எதனால் மாறியது என்று கூற முடியுமா? இங்கும் அதே இடர்ப்பாடுதான். ஊசி குத்தும்போது மருந்து உள்ளே செல்கிறது. கூடவே துளையும் விழுகிறது. 1960இல் கோஹென் என்பவர் ஆறு கட்டிகளின் நீரை ஆராய்ந்தார். அது குருதி ஊனீரை ஒத்திருந்தது. வடிகால் அடைபட்டு நீர் தேங்குவதே கட்டிக்குக் காரணம் என்று அவர் கருதினார். அது சரியானால், அழுத்தத்தைத் தணிக்கத் துளையே போதுமே! மூன்றாவதாகக் காலமும் உண்டு. வளர்ச்சி முடியும் பருவத்தில் இக்கட்டிகள் பல தாமே மறைகின்றன.

2008இல் ரைட் குழுவினர் வெளியிட்ட ஆய்வு இதைவிடச் செம்மையானது. குழந்தைகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு ஸ்டீராய்டும் மற்றதற்கு எலும்பு மஜ்ஜையும் செலுத்தினர். யாருக்கு எது தரப்பட்டது என்பதை அறியாத மருத்துவரே படங்களைப் பார்த்து முடிவு சொன்னார். ஸ்டீராய்டு பெற்ற 38 பேரில் 16 பேருக்கே கட்டி ஆறியது. அதாவது 42 விழுக்காடு. மஜ்ஜை பெற்ற 39 பேரில் 9 பேருக்கு ஆறியது. மஜ்ஜையைவிட ஸ்டீராய்டு மேல் என்பது இதனால் விளங்கிற்று. ஆனால் இரு பிரிவினருக்கும் ஊசி குத்தப்பட்டது. இரு பிரிவினருக்கும் காலம் கடந்தது. அந்த 42இல் துளையின் பங்கு எவ்வளவு, காலத்தின் பங்கு எவ்வளவு என்பதை இவ்வாய்வு பிரித்துக் காட்டவில்லை.

இது வெறும் ஏட்டுக் கேள்வியன்று. வழக்கமாக ஒவ்வோர் ஊசிக்கும் குழந்தைக்கு மயக்கமருந்து தர வேண்டும். பலருக்கு ஊசி இருமுறை, மும்முறை தொடர்கிறது. அதற்காக வாளாவிருக்கவும் இயலாது. இடுப்பருகே தொடையெலும்பில் கட்டி இருந்தால் முறிவு பெருங்கேடாகும். ஆகவே, ஒரு சிகிச்சையால் எத்தனை பேர் நலமடைந்தனர் என்று கேட்பதோடு நில்லாமல், அது இல்லாதிருந்தால் எத்தனை பேர் நலமடைந்திருப்பர் என்றும் கேட்க வேண்டும். துளை சிறிதென்பதால் சான்றும் சிறிதாக இருக்கலாகாது.