வாக்ஸுக்கும் ஆர்முக்கும் ஒரே ஸ்கிரிப்ட்

பழைய வாக்ஸ் கணினியிலேயே ஓர் இயங்குதளத்தை முழுதாகக் கம்பைல் செய்ய நாள்கணக்கில் காத்திருக்க வேண்டும். நெட்பிஎஸ்டி என்ற இயங்குதளம் அதற்குக் கண்ட வழி அழகானது. 2002இல் வந்த 1.6 பதிப்பிலிருந்தே அதன் மூலநிரலோடு ‘பில்ட்.எஸ்ஹெச்’ என்ற ஸ்கிரிப்ட் வருகிறது. லினக்ஸ் மடிக்கணினியில்கூட ஓட்டலாம்; ரூட் அனுமதி தேவையில்லை. எனக்கு மிகப் பிடித்தது அதன் முதல் வேலைதான்: உளியைத் தானே அடித்துக்கொள்ளும் தச்சரைப்போல, இலக்குச் செயலிக்கான கம்பைலரையும் லிங்கரையும் முதலில் தானே உருவாக்கிக்கொள்கிறது. அதன் பிறகே கர்னல், நூலகங்கள், கட்டளைகள் எல்லாம். அதனால் நம் கணினியில் எந்தக் கம்பைலர் பதிப்பு இருக்கிறது என்ற கவலை பெரும்பாலும் விட்டுப்போகிறது. 1977இல் அறிமுகமான வாக்ஸா, இன்றைய 64 பிட் ஆர்மா? கட்டளையில் இயந்திரத்தின் பெயரை மாற்றினால் போதும்.