துடுப்பின் அழகு

உத்திரமேரூரில் வைரமேகத் தடாகம் என்னும் ஏரி மழையில் நிரம்பும்போது எனக்குத் துடுப்பு ஞாபகம் வரும்.

காரணம், கோழிக்கோட்டுப் பக்கம் 2013இல் தொடங்கிய மலபார் நதித் திருவிழாவில், மழைக்காலச் சாலிப்புழையில் கயாக் ஓட்டிகள் கூடுகிறார்கள். கயாக் துடுப்புக்கு இரு முனையிலும் அலகு. கனோ என்னும் படகின் துடுப்புக்கு ஒரு முனையில் மட்டும். கனோவில் ஒரே பக்கம் வலித்தால் படகு மறுபக்கம் திரும்பிவிடும். அதனால் இருவர் ஓட்டும்போது பின்னால் இருப்பவர், வலித்து முடிக்கும் கணத்தில் அலகைத் திருப்பி நீரைச் சற்றே வெளியே தள்ளுவார். படகு நேராகிவிடும். அந்த மணிக்கட்டு அசைவு, அப்பா, என்ன நேர்த்தி! முன்னால் இருப்பவர் தாளம் தருவார், பின்னவர் திசை பார்ப்பார். குழுவாகப் போகையில் கைதேர்ந்த ஒருவர் கடைசிப் படகில் வருவார். பின்தங்கியவரை விட்டுவிட்டு யாரும் போவதில்லை.