லெகோ டெக்னிக் 42055: பக்கெட் வீல் மாதிரியும் நெய்வேலி இயந்திரமும்

லெகோ டெக்னிக் 42055 என்பது டென்மார்க்கின் லெகோ நிறுவனம் 2016-ல் வெளியிட்ட பக்கெட் வீல் எக்ஸ்கவேட்டர் மாதிரித் தொகுப்பு. இதில் 3,929 துண்டுகள் உள்ளன. வெளிவந்த காலத்தில் டெக்னிக் வரிசையிலேயே அதிகத் துண்டுகள் கொண்டதாக இருந்தது. கட்டி முடித்தால் நீளம் சுமார் 72 செ.மீ., உயரம் சுமார் 41 செ.மீ. அதே துண்டுகளைப் பிரித்து ஜல்லி பிரிக்கும் நடமாடும் ஆலையாகவும் மாற்றிக் கட்டலாம்.

மற்ற ஊர்களில் இது ஒரு விசித்திர இயந்திரத்தின் பொம்மை. நெய்வேலிப் பிள்ளைகளுக்கோ அப்பா ஷிப்டுக்குப் போகும் இடம். ஆகவே இம்மாதிரியை நெய்வேலிக் கண்ணால் மதிப்பிடுவது பொருத்தமானது.

மாதிரி சரியாகச் சொல்வது

இயந்திரத்தின் வேலையை இத்தொகுப்பு நேர்மையாகக் காட்டுகிறது. மோட்டார் ஓடினால் வாளிச் சக்கரம் சுழல்கிறது, வாளியில் அள்ளியது கன்வேயர் பெல்ட்டில் விழுகிறது, பெல்ட் அதைப் பின்னுக்குக் கொண்டுபோகிறது. மேற்பகுதி திரும்புகிறது, அடியில் உள்ள கிராலர் நகர்கிறது. வெட்டுவதும் கடத்துவதும் இடைவிடாத ஒரே ஓட்டம் என்பதுதான் இந்த இயந்திரத்தின் உயிர். பாடப்புத்தகப் படம் சொல்லாத அதைப் பற்சக்கரங்களைக் கோக்கும் கை தானாகவே புரிந்துகொள்கிறது.

கூடவே வரும் சுரங்க லாரிதான் இடறுகிறது. நெய்வேலியில் பக்கெட் வீல் வெட்டிய மண் கன்வேயர் வழியாக ஸ்ப்ரெடருக்குப் போய்க் கொட்டப்படுகிறது. பெல்ட்டின் முடிவில் லாரியை நிறுத்துவது அந்த இடைவிடாத ஓட்டத்தையே அறுப்பது போன்றது. லாரி பெட்டியின் அழகுக்காகச் சேர்க்கப்பட்டதாகவே தோன்றுகிறது.

ஆள் எங்கே?

பெரிய குறை வேறு. பெட்டியில் மனித உருவம் ஒன்றுகூட இல்லை. 1986-ல் டெக்னிக் வரிசைக்கென்றே முழங்கையும் முழங்காலும் மடங்கும் உருவங்களை லெகோ வெளியிட்டது. பிற்பாடு அவை கைவிடப்பட்டன.

இங்கே லெகோவுக்காக ஒரு கணக்கும் சொல்ல வேண்டும். ஜெர்மனியில் குருப் நிறுவனம் 1978-ல் கட்டி முடித்த பேகர் 288-ன் நீளம் சுமார் 220 மீட்டர். அதை 72 செ.மீ.க்குச் சுருக்கினால் அளவு ஏறத்தாழ 300-ல் ஒன்று. 170 செ.மீ. உயரமுள்ள ஆள் அப்போது ஆறு மில்லிமீட்டருக்கும் குறைவு, ஒரு துவரம்பருப்பு அளவு. அந்த உருவத்துக்குக் கைகால் மடக்க முடியாது. ஆனால் ஆள் இல்லாவிட்டால் இயந்திரம் எவ்வளவு பெரியது என்பதும் தெரியாமல் போகிறது. மேசைமேல் நிற்பது பெரிய பொம்மை, அவ்வளவுதான்.

ஜப்பானிய ரோபோ மாதிரிகள் இதற்கு நேர் எதிர். கோட்டோபுக்கியா நிறுவனம் 2017-ல் தொடங்கிய ஹெக்ஸா கியர் வரிசை 24-ல் ஒன்று என்ற அளவில் அமைந்தது. கைகால் மடங்கும், சுமார் 7 செ.மீ. உயர உருவங்கள் தனியாகக் கிடைக்கின்றன. ஒரு தொகுப்பின் உறுப்பை இன்னொன்றில் பொருத்தி அவரவர் விருப்பப்படி பெரிய இயந்திரமாக வளர்க்கலாம். அங்கே ஆளுக்கு இருக்கை உண்டு, செய்வதற்கு வேலைதான் இல்லை. துப்பாக்கியை ஏந்தி நிற்பதைத் தவிர அந்த உருவங்களுக்குப் பெரும்பாலும் வேறு நிலை வாய்ப்பதில்லை.

இரண்டையும் சேர்த்தால் என்ன? 24-ல் ஒன்று என்ற அளவில் பேகர் 288-ஐக் கட்டினால் 9 மீட்டர் நீளம், அதாவது ஒரு வகுப்பறை முழுக்க அதுவே. முழு இயந்திரத்தைக் கட்டும் ஆசையை விட்டால்தான் வழி பிறக்கும். நெய்வேலியில் ஓடும் பெரிய வகையின் வாளி 1,400 லிட்டர் கொள்ளளவு கொண்டது. 24-ல் ஒன்று என்றால் கொள்ளளவு 13,824-ல் ஒன்று, அதாவது சுமார் 100 மில்லி. ஒரு சிறிய டீ கிளாஸ்! அட்டையால் அப்படியொரு வாளி செய்து, பக்கத்தில் 7 செ.மீ. உருவத்தை முழங்காலிட வைத்தால் போதும். ஆளின் உயரத்தையும் வாளியின் ஆழத்தையும் கண் ஒரே பார்வையில் அளந்துவிடும். பள்ளி அறிவியல் கண்காட்சிகளில் தெர்மோகோலால் முழுச் சுரங்கத்தையும் ஒரு மேசைக்குள் அடக்கப் பார்க்கும் மாதிரிகளைவிட இது அதிகம் கற்றுத்தரும்.

முழங்காலிடுவதற்கும் காரணம் உண்டு. நெய்வேலிப் பழுப்பு நிலக்கரியின் மேலே கிடக்கும் கடலூர் மணற்கல் அரம்போல் அராவுவது. வாளிப் பற்கள் விரைவில் தேயும், மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். பல் மாற்றும் ஆள், கேபினில் அமர்ந்து சக்கரத்தை இயக்கும் ஆள், அறுந்த பெல்ட்டை ஒட்டும் குழு ஆகியோரே இந்த இயந்திரத்துக்கு உரிய மனித உருவங்கள். எந்தப் பெட்டியிலும் இவர்கள் வருவதில்லை.

மண்

லெகோ மாதிரிக்கு மண்ணும் இல்லை. 1957 மே 20 அன்று நேரு தொடங்கிவைத்த முதல் சுரங்கத்தில் நிலக்கரி கண்ணில் பட்டது 1961 ஆகஸ்டில்தான். நான்கு ஆண்டுகள் மேல்மண்ணை அகற்றுவதிலேயே போயின. அடியிலிருந்து மேலெழும் ஊற்றுநீரின் அழுத்தத்தை அடக்க ஓயாமல் நீர் இறைக்கவும் வேண்டும். சுத்தமான மேசையில் சுழலும் சக்கரத்துக்கு இந்த எதிர்ப்பு எதுவும் தெரியாது. அந்த மேல்மண்ணின் மேல்பரப்பு யாரோ ஒருவருடைய வயலாக இருந்தது என்பதும் தெரியாது. 2023 ஜூலையில் வளையமாதேவியில் கால்வாய் வெட்டுவதற்காக நின்ற நெற்பயிர்மேல் சாதாரண பொக்லைன்கள் இறங்கியபோது, கடலூர் மாவட்டமே கொந்தளித்தது.

12 வயதுக்கு மேற்பட்டோருக்கான பெட்டியில் இவ்வளவையும் எதிர்பார்ப்பது நியாயமா என்று கேட்கலாம். எதிர்பார்க்க வேண்டாம். வாங்கிக் கட்டுபவர், லாரியைப் பிரித்து அதன் துண்டுகளால் பெல்ட்டை இன்னும் சிறிது நீட்டி, சக்கரத்தின் கீழே ஒரு தட்டில் செம்மண் பரப்பி வைக்கலாம். ஆளுக்குத் துவரம்பருப்பு வீட்டிலேயே இருக்கிறது.