வானொலிக் கதையும் கேட்போன் இடமும்

வானொலியிற் கதைசொல்லப் பயிலும் மாணாக்கர்க்கு எத்தகைய ஒலிப்பதிவைக் காட்டுதல் தகும்? ஆசிரியர் பலர் இசையும் பல்குரலும் செறிந்த நாடகங்களையே நாடுவர். அவை வியப்பை விளைக்கும். வாய் திறக்கும் துணிவை விளையா.

திருநெல்வேலி நிலையத்திலும் பின்னர்ச் சென்னை நிலையத்திலும் பணியாற்றிய தென்கச்சி கோ. சுவாமிநாதனின் (மறைவு 2009) 'இன்று ஒரு தகவல்' உரைகளே சாலப் பொருந்துவன என்பது எம் கருத்து. ஒரே குரல், பேச்சுநடை, நகைச்சுவையைக் கூறுங்கால் தாம் நகையாமை. இவற்றினும் சிறந்தது அவர்தம் நிறுத்தம்.

வன்னியம்பட்டி போன்ற தென்பாண்டிச் சிற்றூர்களின் மாணாக்கர்க்கு வில்லுப்பாட்டுப் புதிதன்று. அதன்கண் முதற்பாடகர் ஒன்று கூற, உடனிருப்போர் 'ஆமாம்' என்பர். அவ்வொலி அவையோர்க்காக எழுவது. வானொலியில் தனித்துப் பேசுவார்க்கு அத்துணை இல்லை. சுவாமிநாதன் அவ்விடத்தை வெறுமையாக விடுகின்றார். வீட்டிலிருந்து கேட்பவனே 'ஆமாம்' என்று அதனை நிரப்புகின்றான். நூலாக அச்சிடப்பெற்ற அவ்வுரைகளில் இந்நுட்பம் புலனாகாது.

இடர் ஒன்றுண்டு. மாணாக்கர் நிறுத்தத்தை விடுத்து, அவர் குரலையே போலி செய்யத் தலைப்படுவர். வகுப்பு நகைப்பில் முடியும். ஆதலின் அச்சுரையை முதற்கண் தத்தம் குரலிற் படிக்கச் செய்து, அதன்பின்னரே ஒலிப்பதிவைக் கேட்பித்தல் வேண்டும்.